தேர் போகும் தெரு, பாடை போகும் வழி

விருத்தாசலம் பழமலைநாதர் கோவிலில் அம்மனுக்குப் பெரியநாயகி என்று பெயர். பீங்கானுக்குப் பேர்போன அந்த ஊரை விட்டு மங்கலம்பேட்டைப் பக்கம் போனால், கோணாங்குப்பத்து மாதாவுக்கும் அதே பெயர்தான். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தாலியரான வீரமாமுனிவர் எழுப்பிய கோவில் அது. மாதாவுக்குச் சேலை உடுத்தி, இந்த மண்ணின் அம்மனுக்குரிய பெயரையே சூட்டிவிட்டார். 1726இல் அவர் முடித்த தேம்பாவணியின் 3,615 பாடல்களுக்கும் இந்த வட்டாரத்து வயலும் ஆறும் அறிமுகமானவை. நல்லூர், வேப்பூர், மங்கலம்பேட்டைப் பக்கத்து மக்கள் இன்றும் சனவரி மாதத் திருவிழாவுக்குத் திரண்டு வருகிறார்கள். இந்துக்களும் நேர்ந்துகொண்டு வருகிறார்கள்.

அங்கிருந்து இன்னும் வடக்கே, உளுந்தூர்பேட்டை வட்டத்தில் எறையூர் இருக்கிறது. பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் சர்க்கரை ஆலை உள்ள இறையூர் வேறு. நான் சொல்லும் எறையூர் அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம், இன்றைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பழைய, பெரிய பங்குகளில் ஒன்று. செபமாலை அன்னைக்குக் கோவில். பங்கு மக்களில் பெரும்பான்மையோர் வன்னியக் கிறிஸ்தவர்கள், தலித் கிறிஸ்தவர்கள் சிறுபான்மை. தலித் மக்கள் சொன்ன குறைகளில் இறையியல் எதுவும் இல்லை. சாவு விழுந்தால் பாடையை ஊர்த்தெரு வழியாகக் கோவிலுக்குக் கொண்டுபோக முடியாது. கல்லறை தனி. இதையெல்லாம் பல ஆண்டுகள் சொல்லிப் பார்த்தபின், தங்கள் பகுதியில் இருந்த சகாய மாதா கோவிலைத் தனிப் பங்காக்கித் தாருங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கியால் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள்.

அது தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. கத்தோலிக்கத் திருச்சபை உலகம் முழுவதற்கும் அன்றைக்குக் குறித்திருந்த நற்செய்தி வாசகம், இறந்து நான்கு நாளான லாசரை இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய பகுதி. யாருடைய பிணம் எந்தத் தெருவில் போகலாம் என்று பகை மூண்டிருந்த ஊருக்கும் அதே வாசகம்தான்.

எறையூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்: வெளிவேடம். கோவிலுக்குள் ஒரு முகம், தெருவில் ஒரு முகம். கேட்பதற்குச் சரியாக இருக்கிறது, ஆனால் நடந்ததற்குப் பொருந்தவில்லை. வேடம் போடுகிறவன் எதையாவது மறைக்க வேண்டும். இங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. பாடையை மறித்தவர்கள் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டவர்கள், வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருந்தவர்கள், சிலுவைப்பாதையில் முழந்தாளிட்டவர்கள். அவர்களுடைய பக்தியைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சொன்னால் அது ஆய்வும் ஆகாது. மனதாரச் செபித்தார்கள், மனதார மறித்தார்கள். சிக்கலே அதில்தான் இருக்கிறது. வழிபாட்டின் உண்மையை மனத்துக்குள் தேடிக்கொண்டே இருந்தால் இந்த மாதிரி ஊர்களைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாமல் போய்விடும்.

புதிய ஏற்பாடே வேறு இடத்தில் தேடச் சொல்கிறது. மலைப்பொழிவில் தெருமுனையில் நின்று செபிக்கிறவர்களையும் மத்தேயு 23இல் பரிசேயரையும் இயேசு கண்டிக்கும் இடங்கள் எல்லாருக்கும் தெரியும். மறையுரைகளில் அடிக்கடி வரும். கலாத்தியர் கடிதத்தின் இரண்டாம் அதிகாரம் அந்த அளவுக்கு வராது. அந்தியோக்கியாவில் பேதுரு, யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். பர்னபா உட்பட மற்றவர்களும் கூடவே ஒதுங்கினார்கள். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை எதிர்த்துக் கேட்டு, அந்தச் செயலை வெளிவேடம் என்றே குறித்தார். பேதுருவின் விசுவாசத்தில் பவுல் குறை காணவில்லை, அவர் செபம் பொய் என்றும் சொல்லவில்லை. பேதுரு செய்தது ஒன்றே ஒன்று: இடம் மாறி உட்கார்ந்தார். திருச்சபைக்குள்ளேயே ஒரு தலைவர் மேல் எழுந்த வெளிவேடக் குற்றச்சாட்டு, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதைப் பற்றியது. யாக்கோபு கடிதத்தின் இரண்டாம் அதிகாரமும் இதையேதான் பேசுகிறது: பொன்மோதிரக்காரருக்கு நல்ல இருக்கை, கந்தல் உடுத்தவருக்குத் தரை.

ஆக, உட்காரும் இடம், நடக்கும் தெரு, புதைக்கும் மண். இந்த மூன்றையும் வைத்துத் தமிழ்க் கிறிஸ்தவத்தின் 400 ஆண்டுகளைப் படிக்கலாம். அப்படிப் படித்தால் எறையூர் திடீரென்று வெடித்த விபத்தாகத் தெரியாது.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி சந்நியாசியாக வாழ்ந்து, பிராமணரோடு வாதிட்டு, பூணூலும் குடுமியும் சமூக அடையாளங்களே என்று ரோமாபுரியை ஏற்கவைத்தார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அனுமதி தந்தார். அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. உயர்சாதியாரிடையே சந்நியாசியாக உலவும் குரு, பறையர் வீட்டுக்குள் நுழைய முடியாது. சாகக் கிடப்பவரை வீட்டிலிருந்து தூக்கிவந்து வெளியே ஓரிடத்தில் கிடத்தினால் அங்கே வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுப்பார். 1703இல் புதுச்சேரியில் வந்திறங்கிய பாப்பரசரின் தூதர் தெ தூர்னோன், 1704இல் பிறப்பித்த ஆணையில் இந்த வழக்கத்தையும் கண்டித்தார்: நோயாளி பறையராக இருந்தாலும் குருவானவர் வீட்டுக்குள் போக வேண்டும். அதைத் தள்ளிப்போடுவதற்காக ரோமாபுரிக்கும் புதுச்சேரிக்கும் இடையே 40 ஆண்டுகள் கடிதங்கள் பறந்தன. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் வழக்கை முடித்துவைத்தபோது கிடைத்த சமரசம், பறையர்களுக்கென்று தனிக் குருக்கள். ஒரே அவஸ்தைப் பூசுதல், இரண்டு வகைக் குருக்கள். ஆணையின் எழுத்தை மீறாமல் அதன் உயிரை எடுத்துவிட்டார்கள் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

அடுத்த ஆண்டே, 1745இல், புதுச்சேரிக் கோவிலுக்குள் ஒரு சுவரைப் பற்றிய சண்டையை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் இந்து, வைணவர். வேடிக்கை பார்த்தவர் எழுதிய சாட்சியம் என்பதால் கூடுதல் மதிப்பு உண்டு. கோவிலின் ஒரு பக்கத்தில் பறையர்களுக்கென்று தடுப்புச் சுவர் இருந்தது. எங்களை ஏன் தள்ளிவைக்கிறீர்கள் என்று பறையர்கள் குருமாரிடம் போய்க் கேட்டார்கள். குருமார் சுவரை இடிக்கச் சொன்னதும் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். அந்தச் சுவரை வெறும் நாட்டு வழக்கம் என்று சமாதானம் சொல்கிறவர்கள் பிள்ளையின் குறிப்பைப் படிக்க வேண்டும். இது அநீதி என்று கேட்கும் குரலும் அந்த நாட்டிலிருந்தே, அந்தக் கோவிலுக்குள்ளிருந்தே, 1745லேயே எழுந்திருக்கிறது.

சீர்திருத்தச் சபையாரும் இதில் சளைத்தவர்கள் அல்லர். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கின் வழிவந்த லுத்தரன் மிஷன், பந்தியில் உயர்சாதியாரை ஒரு பக்கமும் பறையரை இன்னொரு பக்கமும் உட்காரவைத்தது. முதல் இந்தியப் போதகரைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது இரண்டு பெயர்கள் முன்னால் இருந்தன. ஒருவர் இராஜநாயக்கன்: படைவீரராக இருந்தவர், தஞ்சைச் சீமையில் அடி வாங்கியும் ஊழியம் செய்தவர், பறையர். மற்றவர் ஆரோன்: கடலூரில் பிறந்த வேளாளர், ஆறுமுகம் என்ற பெயரோடு வளர்ந்தவர். 1733 டிசம்பரில் குருப்பட்டம் ஆரோனுக்குப் போயிற்று. பறையர் கையிலிருந்து மற்றவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பது மிஷனரிகள் வெளிப்படையாகவே எழுதிவைத்த காரணம். ஆரோன் தகுதியற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது; நேர்மையாக உழைத்துச் செத்தவர். இராஜநாயக்கனும் கடைசி வரை உபதேசியாராகவே உழைத்தார். இரண்டு உண்மையான விசுவாசிகளுக்கு நடுவில் ஒரு பொய்யான ஏற்பாடு எப்படி நிலைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இன்னும் சங்கடமான உதாரணம். 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் ஞாயிறு ஆராதனையே இல்லை. அவருடைய பக்தியைச் சந்தேகிக்கிறவனுக்கு இசையும் தெரியாது, தமிழும் தெரியாது. அந்த மனிதர்தான் 1829இல் ‘சாதி திருத்தலின் பயித்தியம்’ என்று ஒரு நூல் எழுதினார். கோவிலில் சாதி வாரியாகத் தனித்தனியே உட்காருவதை ஒழிக்கப் புதிய மிஷனரிகள் வற்புறுத்தியது அவருக்கு அந்நியரின் அடாவடியாகப் பட்டது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதியைத் திருச்சபையிலிருந்து உடனே, முற்றாக விலக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டதும், தஞ்சையிலும் வேப்பேரியிலும் உயர்சாதியார் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள்.

சாஸ்திரியாரின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஐரோப்பியர் தங்கள் கோவில்களில் பணக்காரருக்கென்று தனி இருக்கை போட்டுக்கொண்டு, தமிழனுடைய பாயை மட்டும் குறை சொன்னார்கள் என்பது உண்மை. மரியாதையில்லாத மிஷனரிகள் இருந்ததும் உண்மை. ஆனால் அந்த நூலில் ஓர் ஆளின் குரல் இல்லை: பக்கத்துப் பாயில் உட்கார வைக்கப்பட்டவரின் குரல். மனசாட்சி தூய்மையாக இருப்பதற்கும் அது போதுமானதாக இருப்பதற்கும் நடுவிலுள்ள தூரத்தைச் சாஸ்திரியாரிடம் அளந்து பார்க்கலாம்.

கத்தோலிக்கர் அதே காலத்தில் கல்லிலும் சுண்ணாம்பிலும் ஒரு தீர்வு கண்டார்கள். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோவிலுக்கு இரண்டு நீண்ட கூடங்கள், இரண்டும் பீடத்தில் வந்து கூடும். ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு. குருவானவர் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே பூசை வைப்பார். மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும் என்று வெள்ளைக்காரர்கள் கேலி செய்தார்கள். 1910இல் தடுப்பை இடித்தபோது வேளாளர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, 1917இல் அவர்கள் தோற்றார்கள். சாதிக்கென்று கோவிலுக்குள் தனியிடம் கோரும் உரிமை கத்தோலிக்கத் திருச்சபையில் இல்லை என்று ஒரு குடிமை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745 மே மாதம் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். புதுச்சேரியில் சுவர்ச் சண்டை நடந்த அதே ஆண்டு. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர், எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியவர். அது அவர் மேல் கோபம் மூண்டதற்கு ஒரு காரணம் என்பது கிறிஸ்தவ மரபு. 1752 சனவரியில் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அறிவிப்புப் பெயரில் ‘பிள்ளை’ இல்லை. சாதிப் பட்டத்தோடு பீடமேற்றக் கூடாது என்று இங்கிருந்து போன முறையீட்டுக்குப் பிறகே அது நீக்கப்பட்டது. 277 ஆண்டுகள் ஒட்டியிருந்த பட்டம்.

இவ்வளவு நேரம் பெரும்பாலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்களின் பக்தியைப் பற்றியே பேசினேன். ‘நீ உண்மையாகத்தான் நம்புகிறாயா?’ என்ற கேள்வியை இந்த நாட்டில் வழக்கமாக யாரிடம் கேட்கிறார்கள்? 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் தென்னார்க்காடு, வடஆர்க்காடு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான தலித் மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். சேத்துப்பட்டு மிஷனைத் தொடங்கிய தார்ராஸ் சாமியாரின் காலம் அது. கஞ்சிக்கு மதம் மாறியவர்கள் என்ற ஏச்சு அன்றைக்கு ஒட்டிக்கொண்டது, பேரன் பேத்திகள் வரை தொடர்ந்தது. பசியில் வந்தவன் பொய்யன், நிலத்தையும் மரியாதையையும் விடாமல் வந்தவன் உண்மையானவன் என்பது விசித்திரமான அளவுகோல்.

அரசும் அதே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டது. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விலக்குக் கிடைத்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. 1985இல் சூசை வழக்கில், சென்னையைச் சேர்ந்த கிறிஸ்தவச் செருப்புத் தொழிலாளி ஒருவருக்கு அரசுத் திட்டத்தில் இலவசப் பெட்டிக்கடை மறுக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் சரியென்றது. மதம் மாறியபின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குச் சான்று போதாது என்றது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. நடக்கவில்லை. 2024 நவம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பில், புதுச்சேரியில் அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட பெண் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றதும் தவறாமல் கோவிலுக்குப் போனதும் அவருக்கு எதிரான சான்றுகளாயின. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மதத்தை மாற்றிச் சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்றது நீதிமன்றம்.

சட்டத்தை எடுத்துவைத்துப் படித்தால் தீர்ப்புக்குத் தர்க்கம் இருக்கிறது. ஆனால் சட்டம் எப்படிப்பட்ட வாழ்க்கையை உண்டாக்குகிறது என்று பாருங்கள். எங்கள் மாவட்டக் கிராமங்களில் ஒரே ஆளுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். கோவிலில் அந்தோணி, தாலுகா ஆபீசில் வேறு ஒருவர். அவரை வேடதாரி என்கிறோம். ஊர்த்தெருவில் பாடையை மறித்தவருக்கோ பெயரை மாற்றிக்கொள்ளும் அவசியம் ஒருநாளும் வந்ததில்லை. இரட்டை வாழ்க்கை வாழும்படி தள்ளப்பட்டவரிடம் நேர்மைப் பரீட்சை, தள்ளியவருக்கு முதல் வரிசை நாற்காலி. சாட்சி போதாது என்று 1985இல் சொன்ன நீதிமன்றத்துக்கு எறையூர் 2008இல் ஒரு சாட்சி தந்தது. அதை இதுவரை யாரும் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.

திருச்சபைத் தலைமை வாயைத் திறக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2003 நவம்பரில் ரோமாபுரிக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் இரண்டாம் ஜான் பால் சாதியைப் பற்றி நேராகவே பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே பாமாவின் ‘கருக்கு’ வந்துவிட்டது. ஏழைகளுக்கு ஊழியம் என்று நம்பித் துறவு மடத்துக்குள் போன ஒரு பெண், அங்கே கண்ட வசதியும் சாதியும் தாங்காமல் வெளியே வந்த கதை. ஆயர்களின் ஆவணத்தைவிட அந்தச் சிறிய புத்தகம்தான் கிறிஸ்தவ வீடுகளில் அதிகம் வாசிக்கப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். 2022இல் புதுவை–கடலூருக்குப் புதிய பேராயர் வந்தபோது, எண்ணிக்கையில் பெரும்பகுதியாக இருக்கும் எங்களில் ஒருவர் ஏன் இல்லை என்று தலித் கிறிஸ்தவர்கள் வீதிக்கு வந்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணங்களுக்கு நடுவே எழுப்பிய சுவர் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. கோட்டப்பாளையம் பங்குத் திருவிழாவில் ஒதுக்கப்படுவதாகத் தலித் மக்கள் தொடுத்த வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. வடக்கன்குளத்துக்கு 1917இல் கிடைத்த பதில் 108 ஆண்டுகள் கழித்தும் திருச்சி மாவட்டம் வரை வந்து சேரவில்லை.

அன்றாட வாழ்க்கையில் இதைப் பார்க்க வழக்கு வம்பு எதுவும் தேவையில்லை. எந்தக் கிறிஸ்தவப் பத்திரிகையிலும் மணமகன் தேவை விளம்பரங்களைப் படியுங்கள். சபையின் பெயரும் சாதியின் பெயரும் ஒரே மூச்சில் வரும். ‘இரட்சிக்கப்பட்ட’, ‘ஞானஸ்நானம் பெற்ற’ என்ற சொற்களுக்குப் பக்கத்திலேயே உட்பிரிவும் இருக்கும். எல்லாரும் தரையில் பாய் விரித்து உட்காரும் பெந்தெகொஸ்தே ஜெபவீடுகளில் இருக்கைப் பிரச்சினை இல்லை. கல்யாணப் பேச்சு வரும்போது அங்கேயும் பாய் பிரிகிறது.

கோணாங்குப்பத்தை எழுப்பிய வீரமாமுனிவர் உபதேசியார்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ என்று ஓர் உரைநடை நூல் எழுதினார். பிறருக்குப் போதிப்பவன் முதலில் தன் நடத்தையைச் சீர்ப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல அறிவுரைதான். ஆனால் தனிமனிதருக்குச் சொன்னது. ஒவ்வொருவரும் மனத்தைச் சுத்தமாக்கிக்கொண்டால் தெரு தானாகத் திறந்துவிடும் என்று நம்பி முந்நூறு ஆண்டுகள் போய்விட்டன. மனம் சுத்தமாகும்வரை பிணம் காத்திருக்காது.

திருச்சபைச் சட்டப்படி ஆயர் ஐந்தாண்டுக்குள் தம் மறைமாவட்டம் முழுவதையும் விசாரணைக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும். போகிற ஊரில் வரவேற்பு வளைவுக்கும் பொன்னாடைக்கும் முன்பாகக் கல்லறைக்குப் போகட்டும். ஒரு வாசலா இரண்டு வாசலா என்று கேட்கட்டும். பங்குத்தந்தைமாருக்கும் பங்குப் பேரவைக்காரருக்கும் என் வேண்டுகோள் இன்னும் சின்னது. திருவிழா அழைப்பிதழில் கொடியேற்றுகிறவர் பெயர், நவநாள் உபயதாரர் பெயர், மறையுரையாளர் பெயர், வாணவேடிக்கைக்காரர் பெயர் வரை அச்சடிக்கிறீர்கள். அதோடு தேர் போகும் தெருக்களின் பெயர்களையும் வரிசையாக அச்சடியுங்கள். அந்த வரிசையில் காலனித் தெருவும் இருக்கட்டும். அடுத்த சாவுக்குப் பாடையும் அந்தத் தெருக்கள் வழியாகவே கோவிலுக்கு வரட்டும்.